வாலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்!

(பட்டிமன்றத் தலைப்பு: நாட்டின் படைக்குப் பெரிதும் பலம் சேர்ப்பவர் முன்னால் நிற்கும் வீரரா, பின்னால் நிற்கும் பணியாளரா? 'பின்னால் நிற்கும் பணியாளரே' என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

நடுவர் அவர்களே! எதிரணியில் மார்பை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிற மாவீரர்களே! எனக்கு முன்னால் பேசி வழி போட்டுக் கொடுத்த எங்கள் அணித் தலைவர் அவர்களே! சம்பா அறுவடை வேலைக்கு நடுவிலும் வந்து இந்தப் பந்தலை நிறைத்திருக்கிற தஞ்சைப் பெருமக்களே! வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் கரும்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

ஐயா, எதிரணித் தலைவர் பேசினார். என்ன பேச்சு! கையிலே துப்பாக்கி இல்லாத குறை ஒன்றுதான். "எல்லையிலே பனியிலே நிற்கிறானே அவன் படையா, ஆபீசிலே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ஃபைல் புரட்டுகிறானே அவன் படையா?" என்று கேட்டார். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் வீட்டுக்குப் போனதும் என் வீட்டம்மா என்னைத் தேசத் துரோகி லிஸ்டில் சேர்த்துவிடுவார். (சிரிப்பு)

ஆனால் ஒரு விஷயத்தை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். நாங்கள் வீரனுக்கு எதிராகப் பேச வரவில்லை. அவன் கால் தூசிக்குக்கூட நாங்கள் ஈடாக மாட்டோம். நாங்கள் பேச வந்தது, அந்த வீரன் நாளைக்கும் நிற்க வேண்டுமே, அதற்காக.

இந்தப் பின்னால் நிற்கிறவர் யார் யார்? இரண்டு ஜாதி இருக்கிறார்கள். ஒருவர் சீருடை போட்டவர். சமையல்காரர், துணி வெளுப்பவர், முடி திருத்துபவர், தையற்காரர், குமாஸ்தா, ஸ்டோர் கீப்பர், நர்ஸிங் உதவியாளர், வண்டி ஓட்டுகிறவர். இவர்களும் ராணுவத்தில் சேர்ந்தவர்கள்தான், துப்பாக்கிப் பயிற்சி எடுத்தவர்கள்தான். இன்னொருவர் சீருடை போடாதவர். சிவிலியன். எம்.இ.எஸ். என்று சொல்கிற ராணுவப் பொறியியல் பணியில் எலெக்ட்ரீஷியன், பிளம்பர், பம்ப் ஆபரேட்டர். பணிமனையில் மெக்கானிக். கிடங்கில் கணக்கர். தொழிற்சாலையில் குண்டு செய்கிறவர். முப்படையிலும் சேர்த்து நம் நாட்டுச் சீருடைக்காரர் சுமார் 14 லட்சம். அந்த 14 லட்சத்துக்குப் பின்னாலே இந்தச் சீருடை இல்லாத கூட்டம் ஒன்று இருக்கிறதே, அது எந்தக் குடியரசு தின அணிவகுப்பிலும் நடந்து வராது. நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள்.

ராணுவத்துக்காரர்கள் இதற்கு ஒரு பேச்சு வைத்திருக்கிறார்கள். நேராகச் சண்டை போடுகிற பிரிவைப் 'பல்' என்பார்கள். பின்னால் இருந்து சோறு, மருந்து, குண்டு, பெட்ரோல் அனுப்புகிற பிரிவை 'வால்' என்பார்கள். உலகம் முழுக்க ஒரே கூப்பாடு: "வாலைக் குறை, பல்லைக் கூட்டு." எதிரணியில் அந்தச் சகோதரிகூட அதைத்தான் அழகாகச் சொன்னார்கள், "வாலால் யாரும் கடிக்க முடியாது" என்று. அம்மா, நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ராமாயணத்தில் ஆஞ்சநேயர் இலங்கையை எரித்தது பல்லாலா, வாலாலா? (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நடுவர்: அதெல்லாம் சரி. அந்த வாலில் நெருப்பு வைத்ததே எதிரணிதானே?

ஐயா, அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். வாலைச் சீண்டியது எதிரணி. அப்புறம் ஊர் என்ன ஆயிற்று என்று உங்களுக்கே தெரியும். (சிரிப்பு) அந்த வானரப் படை கடற்கரைக்கு வந்ததும் முதலில் பார்த்த வேலை என்ன? சண்டையா? பாலம் கட்டியது. நளன் என்கிற இன்ஜினீயர் முன்னால் போனான், ராமனே பின்னால்தான் போனான். அணில் என்ன, அம்பு விட்டதா? மணல் சுமந்தது. முதுகில் மூன்று கோடு வாங்கியது.

இன்னும் பழசுக்குப் போனால், நம் தமிழ் மரபில் பாரதப் போரைப் பற்றி ஒரு சேதி. பாண்டவர், கௌரவர் பேரெல்லாம் இருக்கட்டும், நம் ஊர் அரசன் ஒருவனுக்கு அந்தப் போரால் பெயர் கிடைத்தது. சேரன். வில்லெடுத்தானா? இல்லை. இரண்டு பக்கத்துக்கும் சோறு போட்டான். பெருஞ்சோற்று உதியஞ்சேரலாதன் என்று பெயர். வெட்டியவன் பெயரைவிடச் சோறு போட்டவன் பெயர் நம் இலக்கியத்தில் நின்றது. வள்ளுவர் ஓர் அரசுக்கு வேண்டிய ஆறைச் சொல்கிறபோது படையை முதலில் வைத்தார், உண்மை. அதை எதிரணித் தலைவர் சொன்னார். அதற்குப் பக்கத்திலேயே குடிமக்களையும் அதற்குப் பக்கத்திலேயே சோற்றையும் வைத்தாரே, அதை ஏன் ஐயா விட்டுவிட்டீர்கள்? (கைதட்டல்)

சரி, புராணம் போதும். இதோ நம் ஊருக்கு வருகிறேன்.

நம் தஞ்சாவூரில் புதுக்கோட்டை ரோட்டுப் பக்கம் விமானப் படைத் தளம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம். 2013 மே 27ஆம் தேதி அப்போது பாதுகாப்பு மந்திரியாக இருந்த ஏ.கே. அந்தோணி வந்து அதை முழு விமானப் படைத் தளமாகத் திறந்து வைத்தார். 2020 ஜனவரியில், பொங்கல் முடிந்த கையோடு, சுகோய்-30 போர் விமானங்களின் 222ஆவது ஸ்குவாட்ரன் இங்கே வந்து உட்கார்ந்தது. பிரமோஸ் ஏவுகணையைத் தூக்கிக்கொண்டு பறக்கிற விமானம். அந்த ஏவுகணை ஒன்றின் எடை மட்டும் சுமார் இரண்டரை டன். நம் கணக்கில் சொன்னால் நாற்பது மூட்டை நெல்!

அந்தச் சுகோயில் ஏறுகிறவர்கள் எத்தனை பேர்? இரண்டே பேர். அந்த இரண்டு பேர் வீரர்கள், சிங்கங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நாற்பது மூட்டையை விமானத்தின் வயிற்றில் மாட்டுகிறவர் யார்? இன்ஜினைத் திறந்து பார்த்து "போகலாம்" என்று கையெழுத்துப் போடுகிறவர் யார்? பெட்ரோல் நிரப்புகிறவர், ரேடார் பார்க்கிறவர், வானிலை சொல்கிறவர், தீயணைப்பு வண்டியோடு காத்திருக்கிறவர். ஓடுதளத்தில் ஒரு சின்னக் கல் கிடந்தாலும் இன்ஜின் உறிஞ்சிவிடும், அதனால் கூட்டிப் பெருக்குகிறவரும் வேண்டும். நம் ஊர் வயல் ஊர். தண்ணீர் நின்றால் கொக்கும் நாரையும் வரும், அறுத்துப் போட்டால் புறா வரும். ஒரு பறவை இன்ஜினுக்குள் போனால் கோடிக்கணக்கான ரூபாய் விமானமும் போகும், உள்ளே இருக்கிற இரண்டு உயிரும் போகும். அதனால் விமானத் தளம் என்றால் பறவை விரட்டுகிற ஆளும் வேண்டும். நம் வயலில் பரண் போட்டுக் கிளி விரட்டினோமே, அதே வேலை! அந்த ஆளை "வால்" என்று வெட்டிப் பாருங்கள். சிங்கம் தரையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். (கைதட்டல்)

கல்யாண வீட்டைப் பாருங்களேன். தாலி கட்டுகிறவர் ஒருவர்தான். பட்டு வேட்டி, மாலை, கைத்தடி, குடை எல்லாம் அவருக்குத்தான். ஆனால் மாப்பிள்ளை அரை மணி நேரம் தாமதமாக வந்தால் காத்திருக்கிறோம். சாம்பார் அரை மணி நேரம் தாமதமாக வந்தால்? (சிரிப்பு) சம்பந்தி சண்டை! பேரப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். தஞ்சாவூர்க்காரர்களிடம் சோற்றின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

எதிரணித் தம்பி ஒருவர் சொன்னார், "இப்போது எல்லாம் மெஷின் வந்துவிட்டது, ஆள் எதற்கு?" என்று. தம்பி, அதையும் இந்த மண்ணை வைத்தே பேசுவோம். கதிர் அறுக்கிற மெஷின் வந்தது. பத்து ஆள் ஒரு நாள் முழுக்கக் குனிந்து அறுத்ததை ஒரு மணி நேரத்தில் அறுத்துப் போட்டுவிடுகிறது. சரி. அந்த மெஷின் நடு வயலில் பெல்ட் அறுந்து நின்றால் என்ன ஆகிறது? மானத்தில் மேகம் கூடுகிறது. டிரைவர் போனில் கத்துகிறார். மெக்கானிக் பக்கத்து ஊரில் வேறு மெஷினுக்கு அடியில் படுத்திருக்கிறார். ஸ்பேர் வரவில்லை. ஒரு மெக்கானிக் இல்லாததால் ஒரு போகமே சேற்றில் சாய்கிறது. மெஷின் வந்தால் ஆள் குறைவதில்லை தம்பி, ஆள் இடம் மாறுகிறார். வயலுக்குள் இருந்தவர் வயலுக்கு வெளியே போகிறார். ராணுவத்திலும் அதே கதைதான். வாளும் வேலும் இருந்தபோது ஒரு கொல்லன் ஆயிரம் பேருக்குப் போதும். ரேடார் வந்த பிறகு?

அதற்கப்புறமும் முடிந்ததா? அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு போகிறோம். சாக்கு இல்லை. லோடுமேன் போதவில்லை. லாரி வரவில்லை. குவித்து வைத்த நெல் மழையில் நனைந்து முளை விடுகிறது. இங்கே உட்கார்ந்திருக்கிற எத்தனையோ பேர் அந்த முளைத்த நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்திருப்பீர்கள். வயலில் உழவன் ஜெயித்துவிட்டான். தோற்றது எங்கே? கோணிப்பையில்! (நீண்ட கைதட்டல்)

இதேதான் போர்க்களத்தில் நடந்தது ஐயா. மெசபடோமியா. இன்றைய ஈராக். முதல் உலகப் போர். பிரிட்டிஷ் இந்தியப் படை டைகிரிஸ் ஆற்றோரமாகப் பாக்தாதைப் பிடிக்கப் போகிறது. போனவர்கள் கோழைகளா? இல்லை. ஆனால் ஆற்றில் ஏற்றிச் செல்லப் போதுமான படகு இல்லை. டாக்டர் போதவில்லை, மருந்து போதவில்லை. பாஸ்ராவில் சரக்கு இறக்கச் சரியான துறைமுக வசதி இல்லாமல் கப்பல்கள் வாரக்கணக்கில் காத்து நின்றன. 1915 நவம்பரில் பாக்தாதுக்குக் கிட்டத்தில் சண்டை. காயம்பட்டவர்களை வில் இல்லாத கட்டை வண்டியில் போட்டு மேட்டிலும் பள்ளத்திலும் இழுத்து வந்தார்கள். எலும்பு முறிந்தவனைக் கட்டை வண்டியில் போட்டால் என்ன ஆகும் என்று தாய்மார்கள் நினைத்துப் பாருங்கள். திரும்பி வந்து கூத் என்கிற ஊரில் முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டார்கள். 147 நாள். பட்டினி. 1916 ஏப்ரல் 29ஆம் தேதி சுமார் 13,000 பேர் சரணடைந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் இந்தியர்கள். அதில் சண்டைக்காரர் மட்டும் இல்லை, சமையல், சுமை, தண்ணீர் என்று கூடப் போன எளிய ஆட்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். இவர்களை மீட்கப் போன படையில் சுமார் 23,000 பேர் செத்தும் காயம்பட்டும் போனார்கள். லண்டனில் விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். 1917இல் அறிக்கை வந்தது. போக்குவரத்துக்கும் வைத்தியத்துக்கும் ஏற்பாடு பண்ணாமல் அனுப்பிவிட்டீர்களே என்றது. இந்தியாவுக்கான மந்திரியாக இருந்த ஆஸ்டன் சேம்பர்லின் ராஜினாமா செய்தார். பல் ரொம்பக் கூர்மையாகத்தான் இருந்தது. பின்னால் ஒன்றும் இல்லை.

நம் காலத்துக்கு வந்தால் சியாச்சின் இருக்கிறது. 1984இலிருந்து நம் பிள்ளைகள் அங்கே நிற்கிறார்கள். எதிரியின் குண்டால் போன உயிரைவிடக் குளிராலும் பனிச்சரிவாலும் போன உயிர் அதிகம். அங்கே ஒருவன் உயிரோடு இருப்பது அவன் தோள் வலிமையாலா? கீழே இருந்து மண்ணெண்ணெய் வந்தால் இருப்பான். 1999 கார்கிலில் இரண்டரை லட்சத்துக்கு மேல் பீரங்கிக் குண்டும் ராக்கெட்டும் சுட்டோம். அவை மலையில் காய்த்தனவா? தொழிற்சாலைகளில் தொழிலாளி செய்தது. மேலே சிகரத்துக்குச் சுமை போனது எப்படி? லடாக்கின் கிராமத்துப் பிள்ளைகள் முதுகில் சுமந்தார்கள். அவர்கள் யாரும் சிப்பாய் இல்லை.

இப்போது எதிரணியின் பலமான வாதத்துக்கு வருகிறேன். பணம். அதை நான் தள்ளவில்லை. 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் பென்ஷனுக்கு மட்டும் 1.60 லட்சம் கோடி. கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு! சும்மா இருக்க முடியாது, ஏதாவது செய்யத்தான் வேண்டும். லெப்டினன்ட் ஜெனரல் ஷெகத்கர் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 2016 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. அதன்படி 57,000 பேரைப் பின்னணி வேலைகளிலிருந்து எடுத்து வேறு வேலைக்கு மாற்றுவது என்று 2017இல் முடிவானது. ராணுவத்துக்கென்று தனியாக மாட்டுப் பண்ணைகள் வைத்திருந்தார்கள், 1889இலிருந்து. அதை 2021 மார்ச் 31ஆம் தேதி மொத்தமாக மூடிவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. பாலை வெளியிலே வாங்கிக்கொள்ளலாம், அதற்குப் போய் ஒரு மேஜர் மாடு மேய்க்க வேண்டுமா? (சிரிப்பு)

ஆனால் 2020 மே மாதம் ராணுவப் பொறியியல் பணியில் 9,304 இடங்களை ஒரே கையெழுத்தில் எடுத்தார்களே, அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. இடத்தை எடுத்தார்கள். வேலையை எடுத்தார்களா? முகாமில் பம்ப் ஓட வேண்டும், லைட் எரிய வேண்டும், கூரை ஒழுகினால் அடைக்க வேண்டும். அதை யார் செய்வது? ஒன்று கான்ட்ராக்டரிடம் போகும். இல்லையென்றால் சண்டைக்குப் பயிற்சி எடுத்த சிப்பாயே ஸ்பேனரைத் தூக்க வேண்டும். அமெரிக்காவில் 2025 பிப்ரவரியில் பாதுகாப்புத் துறை சிவிலியன்களில் நூற்றுக்கு 5 முதல் 8 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தார்கள். அப்போது அங்கே சீருடைக்காரர் சுமார் 13 லட்சம் என்றால் சிவிலியன் ஏழு லட்சத்துக்கு மேல். ரொம்பப் பெரிய வால் அவர்களுடையது! அந்த வால் இருப்பதால்தான் பத்தாயிரம் மைல் தாண்டிப் போய் நிற்க முடிகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கணக்குப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினால் கணக்கும் கூடவே வீட்டுக்குப் போகுமா ஐயா? போகாது. அதை எழுத இன்னொருவர் உட்கார வேண்டும். அவர் சிப்பாயாக இருந்தால், நீங்கள் வெட்டியது வாலை இல்லை, பல்லை!

இன்னொரு பக்கம் அக்னிபாத். 2022 ஜூன் 14இல் அறிவித்தார்கள். நாலு வருஷம் வேலை, நாலு பேரில் ஒருவருக்கு நிரந்தரம், மற்றவர்களுக்குக் கையில் 11.71 லட்சம். இந்த ஊர்ப் பிள்ளைகள் விடியற்காலையில் வெண்ணாற்றுக் கரையிலும் கல்லணைக் கால்வாய்க் கரையிலும் ஓடுகிறார்கள். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிஷத்தில் ஓடினால் முழு மார்க். ஓடட்டும், ஜெயிக்கட்டும். அந்தத் திட்டம் நல்லதா கெட்டதா என்பது வேறு பட்டிமன்றம். நான் கேட்பது ஒன்றுதான். வருஷத்துக்கு வருஷம் முன்வரிசையில் புது முகம் வந்துகொண்டே இருந்தால், பழைய முகம் யார்? பணிமனையில் இருபத்தைந்து வருஷமாக அதே இன்ஜினைத் தொட்டுக்கொண்டிருக்கிற சிவிலியன் மெக்கானிக்தான். சத்தத்தை வைத்தே நோவைச் சொல்லுவார். எங்கள் கிராமத்து மருத்துவச்சி மாதிரி. அவர் ரிட்டையர் ஆகிறார், அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. ராணுவத்திலேயே ஒரு லட்சத்துக்கு மேல் இடம் காலி என்று நாடாளுமன்றத்தில் கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். முன்னாலும் காலி, பின்னாலும் காலி.

நடுவர்: சரி, நானும் கேட்கிறேன். எவ்வளவு வால்தான் வேண்டும்? குரங்குக்கும் வால், பசுவுக்கும் வால். நீளத்தைச் சொல்லும்.

ஐயா, நல்ல கேள்வி. நீளத்தை நான் சொல்ல மாட்டேன். அதைச் சொன்னவன் ஒருவன் இந்த ஊரிலேயே இருக்கிறான். பெரிய கோயிலுக்குப் போய்ச் சுவரைப் பாருங்கள்.

ராஜராஜ சோழன் எப்பேர்ப்பட்ட வீரன்! அவனுடைய படைப் பிரிவுகளின் பெயர்கள் அந்தக் கோயில் கல்வெட்டுகளில் இருக்கின்றன. யானையாட்கள், குதிரைச் சேவகர், வில்லாளிகள், உயிரைக் கொடுப்பதாகச் சத்தியம் செய்த வேளைக்காரப் படைகள். எல்லாம் முன்வரிசை. எதிரணிக்குச் சந்தோஷம். அதே சுவரில் 1014ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று. கோயிலில் வேலை பார்த்தவர்களின் பட்டியல். நடனம் ஆடிய நானூறு பெண்கள், எந்த ஊரிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரைக்கும். அதோடு நின்றானா? மத்தளம் அடித்தவர், கணக்கு எழுதியவர், குடை பிடித்தவர், விளக்கேற்றியவர், தண்ணீர் தெளித்தவர், குயவர், தச்சர், தையற்காரர், துணி வெளுத்த ஈரங்கொல்லி. முடி திருத்தியவருக்கு ராஜராஜப் பெருநாவிசன் என்று தன் பெயரையே பட்டமாகக் கொடுத்தான் ஐயா! (கைதட்டல்) யாருக்கு எத்தனை பங்கு, ஒரு பங்குக்கு வருஷத்துக்கு நூறு கலம் நெல் என்று அளவு மரக்காலின் பெயர் முதற்கொண்டு எழுதி வைத்தான்.

இதைவிட முக்கியம், அடுத்து எழுதியது. இவர்களில் ஒருவர் இறந்துபோனாலோ வெளியூர் போய்விட்டாலோ என்ன செய்வது? நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்று வேலையைச் செய்ய வேண்டும். அந்த உறவினருக்கு வேலை தெரியாவிட்டால்? தெரிந்த ஆளை வைத்துச் செய்விக்க வேண்டும். உறவினரே இல்லாவிட்டால்? அதே வேலையில் இருக்கிற மற்றவர்கள் கூடித் தகுதியானவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காலியிடம் என்கிற பேச்சுக்கே இடமில்லை! ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். "ஆள் எத்தனை?" என்று கஜானாவைப் பார்த்து முடிவு பண்ணவில்லை. "வேலை என்ன?" என்று பார்த்து முடிவு பண்ணினான். எதிரணி சொல்லலாம், அது கோயில், இது படை என்று. அந்தப் படையை வைத்திருந்தவனும் இவன்தான். கோயிலில் இவ்வளவு துல்லியமாக ஆள் கணக்கு வைத்தவன் படையில் கோட்டை விட்டிருப்பானா? அவன் மகன் 1025 வாக்கில் கடல் தாண்டிக் கடாரத்துக்குப் படை அனுப்பினான். கப்பலில் போனவர்கள் எல்லோரும் வில்லாளிகளாகவே இருந்திருந்தால், கப்பலை ஓட்டியது யார்? (சிரிப்பு)

நம் ஊரில் ஒரு வார்த்தை இருக்கிறது. கவனித்திருக்கிறீர்களா? மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி தண்ணீர் திறப்பது வழக்கம். அங்கே பூத் தூவுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். கல்லணையிலும் அப்படியே. ஆனால் கடைமடைக்குத் தண்ணீர் வருவது யாரால்? ராத்திரி டார்ச் லைட்டோடு சைக்கிளில் போய் மதகு ஷட்டரைத் தூக்குகிறாரே ஒருவர், கரை உடைப்பெடுத்தால் முதல் ஆளாகக் கத்துகிறாரே, அவரால். அவரை நாம் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம்? லஸ்கர்! "லஸ்கர் வந்தாரா?" "லஸ்கரைக் கேளு." அது என்ன வார்த்தை தெரியுமா? பாரசீகம். லஷ்கர் என்றால் படை! (கைதட்டல்) படை என்கிற வார்த்தை ஊர் ஊராகச் சுற்றி, கப்பல் வேலையாளுக்குப் பெயராகி, கூடாரம் சுமந்தவருக்குப் பெயராகி, கடைசியில் நம் வாய்க்கால் கரையில் வந்து நிற்கிறது. அந்த லஸ்கர் இடம் காலியாக இருந்தால் வயலில் என்ன நடக்கும் என்று தஞ்சாவூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தரவா?

ஐயா, ஒரு நிமிஷம். இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன்.

2025 பிப்ரவரி 28. உத்தராகண்ட் மாநிலத்தில், பத்ரிநாத்துக்கு மேலே மாணா. திபெத் எல்லைக்குப் போகிற சாலை. ராணுவ வண்டி போக வேண்டும் என்றால் அந்தச் சாலையில் பனியை அகற்ற வேண்டும். அந்த வேலைக்கு எல்லைச் சாலை அமைப்பின் ஒப்பந்தத் தொழிலாளர்கள் 54 பேர் கண்டெய்னர்களிலும் கொட்டகையிலும் தங்கியிருந்தார்கள். விடியற்காலையில் பனிச்சரிவு. எல்லோரும் புதைந்தார்கள். ராணுவமும் இந்தோ-திபெத் எல்லைப் படையும் ஹெலிகாப்டரும் வந்து தோண்டி 46 பேரை உயிரோடு எடுத்தன. முன்னால் நிற்கிறவன் பின்னால் நிற்கிறவனைக் காப்பாற்றினான். அதற்காக அந்த வீரர்களுக்கு நூறு வணக்கம். 8 பேர் போய்விட்டார்கள்.

அந்த எட்டுப் பேருக்கும் சீருடை கிடையாது. நிரந்தர வேலை கிடையாது. ஊரில் பிழைப்பு இல்லாமல் கூலிக்குப் போனவர்கள். டெல்லியில் தேசியப் போர் நினைவுச் சின்னம் 2019இல் திறந்தார்கள். 25,000க்கு மேற்பட்ட படைவீரர்களின் பெயர்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். வைக்க வேண்டியதுதான். அது அவர்களுக்கான இடம். எதிரணித் தலைவரைக் கேட்கிறேன்: ஈரங்கொல்லியின் பெயரைச் செதுக்கக்கூட நம் பெரிய கோயில் சுவரில் இடம் இருந்ததே, அந்த எட்டுப் பேருக்கு எந்தச் சுவரில் இடம்?

(மணி அடிக்கிறது)

நடுவர்: நேரம் முடிந்துவிட்டது.

பதிலை எதிரணி சொல்லட்டும் ஐயா, நான் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். (நீண்ட கைதட்டல்)